துணைக்கு ஒரு வாய்

மைனா மறுபடியும் துப்பினாள். பொடித்துக் கலந்த மாத்திரையோடு கஞ்சி மோவாயில் வழிந்து கழுத்துத் துண்டில் இறங்கியது. ஊட்டிக்கொண்டிருந்த அக்கா, கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மைனாவின் அப்பாவான தன் தம்பியைப் பார்த்தாள்.

"என்னால முடியலடா. வாயை இறுக்கி மூடிக்கிறா. நேத்து ராத்திரி மாத்திரையும் போகல, இதுவும் போகல. வலிப்பு வந்துச்சுன்னா என்ன பண்ணுவ?"

 கூடத்தின் நடுவில் அவன் மனைவி கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று மாலை அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். அவ்வளவுதான். நெஞ்சு வலிக்கிறது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னபோதெல்லாம், "நான் போய்ப் படுத்துட்டா இவளை யாருங்க பாப்பா?" என்று கேட்டாள். 

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து எத்தனையோ பேரைப் பதறாமல் வெளியே எடுத்திருக்கிறான். பெற்ற மகளுக்கு ஒரு வேளைகூட ஊட்டியதில்லை. தூக்கிக் குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வார் போடுவது எல்லாம் அவன் வேலை. சாப்பாடு மட்டும் அம்மா. பத்து வயதாகியும் பேச்சு வராத, தலை சரியாக நிற்காத மகள், சந்தோஷம் வந்தால் கீச்சிடுவாள். அம்மா செல்லமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் மைனா ஆகிவிட்டாள். நேற்றிலிருந்து மைனா கீச்சிடவில்லை. இப்போது அவளுடைய இடது கை விரல்கள் லேசாக வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தன.

வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்து, "என்ன உதவி வேணும்னாலும் தயங்காம கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். கேட்க அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவள் கூடத்தில் படுத்திருந்தாள்.

மனைவியின் அண்ணன் அவனை ஜன்னலோரம் இழுத்துப் போனார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு. பேசிட்டேன். மூக்கு வழியா ட்யூப் போட்டு சாப்பாடு குடுப்பாங்களாம். இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"இன்னைக்கேவா மச்சான்?"

"பிள்ளை பட்டினி கிடக்குல்ல? நீங்க வேலைக்குப் போனா யாரு பாப்பா? என் தங்கச்சி இதுலயே தேஞ்சு போயிட்டா. அடுத்தது நீங்களா?"

மச்சானை அறைய வேண்டும் போல இருந்தது. சரி என்று சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தான்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மச்சானின் கையில் ஒரு டம்ளர் டீயைத் திணித்து, "மயக்கம் போட்டு விழுந்துடாதீங்க, ஒரு வாய் குடிங்க" என்றார். மச்சான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் ஒரு மிடறு குடித்தார்.

"டேய், வாயைத் திறக்கறாடா!" என்று அக்கா கத்தினாள்.

அவசரமாகக் கரண்டியை நீட்டினாள். மைனா மூடிக்கொண்டாள். மச்சான் அடுத்த மிடறை விழுங்கினார். மைனாவின் வாய் மறுபடி திறந்தது. அவள் கண் கரண்டியில் இல்லை, மாமாவின் தொண்டையில் இருந்தது.

அவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தினமும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கொரு வாய், அவளுக்கொரு வாய் என்றுதான் மனைவி ஊட்டுவாள். "பிள்ளை சாப்பாட்டுல பாதி உன் வயித்துக்குத்தான் போகுது" என்று அவன் கிண்டலடிப்பான். "தனியா சாப்பிட உங்க பொண்ணுக்குப் பிடிக்காதுங்க, துணைக்கு ஆள் வேணும்" என்பாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்ததால், அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டிருந்தான். நேற்று மாலையிலிருந்து மைனா முன்னால் யாரும் எதுவும் விழுங்கவில்லை. அழுதுகொண்டே ஊட்டிய அக்காவும்தான்.

"அக்கா, மருந்து கலக்காத கஞ்சி இன்னொரு கிண்ணத்துல கொண்டா."

"யாருக்குடா?"

"எனக்குத்தான்."

 அக்கா கொண்டுவந்தாள்.

மனைவியின் தலைமாட்டில் இருந்த சக்கர நாற்காலிக்கு எதிரே அவன் உட்கார்ந்தான். ஒரு கரண்டி கஞ்சியைத் தன் வாயில் வைத்தான். பின்னால் யாரோ, "எடுக்கறதுக்குள்ள இவனுக்குப் பசி வந்துடுச்சு" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. கஞ்சி இறங்கவில்லை.  கண்ணை மூடினால் அழுதுவிடுவோம் என்று பயந்து மகளையே பார்த்தான். மைனா காத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வர விழுங்கினான்.

மைனா வாயைத் திறந்தாள்.

மாத்திரை கலந்த கஞ்சியை ஊட்டினான். அவள் மெதுவாக, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கினாள். பிறகு மறுபடி அவன் தொண்டையைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "எடுத்துடலாமா?" என்றார்.

மச்சான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. சாப்பிட்டுட்டு இருக்காங்க."

கிண்ணத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவன் அடுத்த கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான்.