பெட்டிக்குள் மழை

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சனிக்கிழமை முழுக்கக் கடையில் இருபது பவுண்டு அரிசிப் பைகளை இறக்கி அடுக்கிய வலி. ஞாயிறு மதியம் கராஜில் பாயை விரித்து, தோளைத் தரையோடு அழுத்திப் படுத்தேன்.

கண் சொக்கும்போது மழை பெய்தது. இலை மேல் விழுகிற மழை. நாங்கள் குடியேறிய ஆலன் ஊரில் அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சத்தம் என் தலைமாட்டில் இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து வந்தது. எண்பது பட்டுப்புழுக்கள் மல்பெரித் தழை தின்றுகொண்டிருந்தன.

எல்லாம் மேங்கோவுக்காக. மேங்கோ என் மகள் பிரீத்தி வளர்க்கும் பியர்டட் டிராகன். கழுத்தில் முள் தாடி வைத்த, முழங்கை நீள மஞ்சள் ஓணான். அது இரை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் திருமூர்த்தி மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்ட தடித்தோல் புழுக்கள் வயிற்றில் அடைத்துக்கொண்டன. அடைப்பை எடுத்துவிட்ட டாக்டர், மெத்தென்ற புழுவாகக் கொடுங்கள், இந்த வாரமும் சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்.

"தக்காளிச் செடியில பச்சைப் புழு இருக்குதே, அதைப் புடிச்சுப் போட்டா ஆகாதா?" என்றார் திருமூர்த்தி.

"தக்காளித் தழை தின்ன புழுவுல அந்தத் தழையோட வெசம் இருக்கும். ஒருக்கா கெடுத்தது பத்தாதுங்களா?"

பிரீத்தி போனை நீட்டினாள். அதில் பட்டுப்புழு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வயதிலிருந்து கல்யாணம்வரை உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் புழு மனையில் தழை சுமந்தவள் நான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் அப்போதே வந்திருக்க வேண்டும்.

தபாலில் நூறு புழு வந்தது. வந்த அன்றே எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டன.

"காய்ச்சல் வந்திருச்சு," என்றேன்.

"ஃபீவரா? ஆர் தே சிக்?" பிரீத்தியின் கண் நிறைந்துவிட்டது.

"இல்ல சாமி. தோல் உரிக்கறக்கு முன்னால இப்படித்தான் தூங்கும். அதை நாங்க காய்ச்சல்னு சொல்லுவோம். எந்திரிக்கற வரைக்கும் தொடாத. அப்பறம் ரெண்டு நாள் நல்ல தழை தின்னாத்தான் அதுல சத்து ஏறும்."

பெட்டியில் புழுக்கள் தலையைத் தூக்கி நின்றன. கண்ணாடித் தொட்டியில் விளக்குக்கு அடியில் மேங்கோவும் தலையைத் தூக்கி நின்றது. பிரீத்தி இரண்டுக்கும் நடுவில் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வீடே காய்ச்சலில் உறைந்துபோன மாதிரி இருந்தது. நாங்கள் மெதுவாகப் பேசினோம், மெதுவாக நடந்தோம்.

எண்பது எழுந்தன. எழாத இருபதையும் ஒரு ஷூ பெட்டியில் போட்டு பிரீத்தியின் அறையில் வைத்தோம். தழைக்குப் பக்கத்து வீட்டு ஷ்யாமளா அக்காவின் மல்பெரி மரம். மெட்ராஸ்காரர், வாய் சும்மா இருக்காது.

"எவ்ளோ வேணும்னாலும் பறிச்சுக்கோ சாந்தா. ஓணானுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போறியா?"

"முகூர்த்தம் வெச்சா உங்களுக்குத்தானுங்க அக்கா முதல் பத்திரிகை."

இப்படியாக ஞாயிறு மதியம் வந்தது. மழையைக் கேட்டபடி தூங்கிப் போனேன். கனவிலும் மழைதான். நான் தழைக்கட்டோடு அதில் நடந்துகொண்டே இருந்தேன், கட்டுக்குக் கனமே இல்லை.

மழை நின்றதும் விழித்தேன்.

பெட்டியில் சத்தமில்லை. புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. வாயில் பச்சைத் தண்ணீர், விஷம் ஏறியதன் அடையாளம். உள்ளே ஓடினேன். பிரீத்தி அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புழுவை இடுக்கியில் மேங்கோவின் வாயருகே பிடித்திருந்தாள். மேங்கோ பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்திருந்தது.

"போடு கீழ!" கையைத் தட்டிவிட்டேன்.

"ஹி வாஸ் கோயிங் டு ஈட் இட், அம்மா!"

அழுகிறவளை விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, மரத்துக்கு மருந்து அடிச்சீங்களா?"

"நானே அந்தப் பழத்தைப் பறிச்சுச் சாப்பிடறேன், மருந்து அடிப்பேனா?"

"பின்ன எப்படிங்க எண்பது புழுவும் சாகும்? அடிச்சுப்போட்டு மறைக்கறீங்க. பொய் சொல்லாதீங்க."

"இலை கேட்டு வந்தப்போ அக்கா. இப்போ பொய் சொல்றவளா? நல்லா இருக்கும்மா." கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்து கராஜில் கால் வைத்ததும் புகை நெடி மூக்கில் ஏறியது. பாயின் கால்மாட்டில், தகரத் தட்டில், கொசுவத்திச் சுருள் கடைசி வளைவில் புகைந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து சூட்கேஸில் அடுக்கிக் கொண்டுவந்தது. படுக்கும்போது கொசு கடித்ததென்று நான்தான் கொளுத்தினேன். புழுவுக்குப் புகை ஆகாதென்று பீடி குடித்த வாயோடு ஒருத்தரையும் புழு மனைக்குள் விடாத வீட்டில் வளர்ந்தவள், புழுப்பெட்டிக்குப் பக்கத்தில் கொசுவத்தி வைத்துத் தூங்கியிருக்கிறேன். மரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

சாயங்காலம் ஷூ பெட்டியில் இருபதும் எழுந்தன. அவற்றுக்கும் தழை வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் தொங்கிய கிளையில் பறித்தேன். அந்த வீட்டு ஜன்னலைப் பார்க்கவில்லை. இருந்தும் பயம் விடாமல் முதலில் ஐந்து புழுவுக்கு மட்டும் போட்டு மறுநாள்வரை காத்திருந்தேன். ஒன்றும் தலை ஆட்டவில்லை. பிறகுதான் மற்றவற்றுக்குப் போட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பிரீத்தி ஒரு புழுவை நீட்டினாள். மேங்கோ தலையைச் சாய்த்துப் பார்த்தது. முன்காலைத் தூக்கிக் காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. பிறகு நாக்கு வந்துபோனது மட்டும் தெரிந்தது. இடுக்கி காலி.

"ஹி ஏட் இட்!" என்று என் வலிக்கிற தோளில் தொங்கினாள். இறங்கியதும் கேட்டாள், "டிட் யூ டெல் ஷ்யாமளா ஆன்ட்டி?"

"நாளைக்குச் சொல்றேன் சாமி."

இருபதும் தீர்ந்து அடுத்த நூறு வந்துவிட்டது. பெட்டிக்குள் மறுபடி மழை. தழை இன்னும் அந்த மரத்துக் கிளையிலிருந்துதான் வருகிறது. ஷ்யாமளா அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.