நாற்பது பச்சைக் கோட்டுகள்

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் எனக்கு மண்டை வெடித்துவிடும். தையல்காரிக்கு இவ்வளவு கேள்வி எதற்கு என்பார் என் வீட்டுக்காரர். ஒருவர் தோள் ஏன் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்காமல் எப்படிச் சட்டை தைப்பது?

என் கடைக்கு எதிரே ஆற்றின்மேல் அரசாங்கம் பாலம் கட்டுகிறது. வேலை நடக்கிற இடத்து வாசலில் பெரிய பலகை. நூறு பேர் வேலை செய்தால் அதில் நாற்பது பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ஆரஞ்சுக் கோட்டு, உள்ளூர்க்காரர்களுக்குப் பச்சை. கையில்லாத, பளபளக்கும் பட்டை வைத்த கோட்டு. அதிகாரிகள் வந்தால் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாமே, அதற்காக. தைப்பது நான். ஆறு மாதமாக ஆரஞ்சு மட்டும்தான் தைத்தேன். ஒவ்வொருவராக நிற்கவைத்து அளவெடுத்துத்தான் தைத்தேன்.

இந்தப் பாலத்தை நம்பித்தான் என் வீட்டுக்காரர் போன மாதம் ஊர் திரும்பினார். கம்பி கட்டுகிறவர். மூன்று வருஷம் வெளியூரில் கிடந்தார். சைட் ஆபீசில் பெயர் கொடுத்தபோது, "கூப்பிடுறோம்" என்றார்கள். இந்த மாதம் முடிவதற்குள் கூப்பிடாவிட்டால் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். எங்கள் மகள் அந்தப் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டாள். எங்கே என்று எனக்கே சொல்லவில்லை.

திங்கட்கிழமை சைட் சூப்பர்வைசர் வந்தார். "நாப்பது பச்சைக் கோட்டு. வியாழக்கிழமை வேணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆள் எடுத்துட்டீங்களா சார்? எப்ப அளவெடுக்க வரட்டும்?"

"அளவெல்லாம் வேணாம்மா. எல்லாம் ஒரே சைஸ்ல போடு."

"போடுறவங்க யாரு சார்?"

"உனக்கு எதுக்கு? துணியைப் பிடி."

துணியைப் பிடித்தேன். ஆனால் அன்று மிஷின் ஓடவில்லை. ஆரஞ்சுக்கு அளவு வேண்டும், பச்சைக்கு வேண்டாமா? கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, பழைய கோட்டு ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று கேட்கும் சாக்கில் சைட்டுக்குள் நுழைந்தேன். கலவை மிஷின் ஓட்டுகிற வெளியூர்த் தம்பி மறைக்கத் தெரியாதவன்.

"வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் எங்கள்ல நாப்பது பேர் பச்சை போடணுமாம் அக்கா. அதிகாரி கேட்டா, இந்தத் தெருதான்னு சொல்லணுமாம். ஆமா, இந்தத் தெருவுக்குப் பேர் என்ன?"

சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அவன்மேல் என்ன கோபம்? அவன் வீட்டிலும் யாரோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருப்பார்கள்.

கடைக்கு வந்து அளவு நோட்டை எடுத்தேன். என் வீட்டுக்காரரோடு சேர்த்து, சைட் ஆபீசில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த உள்ளூர்க்காரர்கள் நாற்பது பேர். அத்தனை பேருக்கும் நான்தான் சட்டை தைக்கிறேன். கொத்தனார், வெல்டர், கல்லு சுமக்கிற அக்கா தங்கை இரண்டு பேர், எல்லார் அளவும் நோட்டில் இருந்தது. முப்பத்தொன்பது கோட்டை நோட்டைப் பார்த்து வெட்டினேன். நாற்பதாவது என் வீட்டுக்காரருடையது. அதற்கு நோட்டு எதற்கு? கண்ணை மூடிக்கொண்டே வெட்டினேன்.

வியாழக்கிழமை கோட்டு கேட்டு வந்த ஆளிடம், காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை அதிகாரியம்மா வந்து இறங்கியதும் நான் சரக்கை ஒப்படைத்தேன். மூட்டையாக இல்லை. நாற்பது பேரும் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. இவர்கள் என் ஆட்கள் இல்லை என்று சொன்னால் பலகையில் எழுதியிருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஆமாம் என்று சொன்னால் வேலை கொடுக்க வேண்டும்.

அதிகாரியம்மா பொறுமைசாலி. ஒவ்வொருவராக நின்று, பெயர் கேட்டு, ஊர் வாக்காளர் பட்டியலில் பார்த்து எழுதினார். கடைசியாக என் வீட்டுக்காரர் முன்னால் நின்றவர் பேனாவை மூடிவிட்டார்.

"எல்லாருக்கும் கச்சிதமா இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் தொளதொளன்னு தொங்குது? யாரோடதையோ மாட்டிட்டு வந்தீங்களா?"

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. "அதான் மேடம், இவர் யாருன்னே தெரியல. மத்தவங்களையும் விசாரிக்கணும்."

நாற்பது பேர் பிழைப்பும் அந்த ஒரு கோட்டில் வந்து நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே துணி மடிந்து கிடந்தது. என் கை தப்பாது. எப்படித் தப்பியது?

"என் வீட்டுக்காரர்தான் மேடம். நான்தான் தைச்சேன்" என்று நோட்டை நீட்டினேன். "மார்பு முப்பத்தொம்பது. மூணு வருஷத்துக்கு முன்னால எடுத்தது."

அதிகாரியம்மா நோட்டைப் பார்த்தார். பிறகு என் கழுத்திலிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி, தானே என் வீட்டுக்காரர் மார்பில் சுற்றினார். முப்பத்தாறு.

"எங்க இருந்தீங்க மூணு வருஷம்?"

"வெளியூர்ல மேடம். கம்பி கட்டினேன். நானேதான் சமைப்பேன்" என்றார் அவர், குற்றம் செய்தவர் மாதிரி.

தினமும் போனில் பார்த்தேன். போனில் முகம்தானே தெரிகிறது? வந்த பிறகும் பழைய சட்டைகளைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரிந்தார். வசதிக்காக என்று நினைத்தேன். ஊரில் யார் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறேன், என் வீட்டு ஆள் மூன்று அங்குலம் கரைந்தது தெரியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதேன்.

அதிகாரியம்மா டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "நாற்பது" என்று எழுதினார். "அக்கரைத் தூண் வேலை ஏன் இன்னும் ஆரம்பிக்கலைன்னு கேட்டா, ஆள் இல்லைன்னு எழுதியிருந்தீங்களே? திங்கட்கிழமையிலிருந்து இவங்க அங்க இருக்கணும். நான் வருவேன், இந்த அளவு நோட்டோட" என்றார் சூப்பர்வைசரிடம்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "கழட்டுங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுத் தரேன்."

"வேணாம், விடு" என்றார். "வீட்ல சாப்பிடப் போறேன்ல. சரியாயிடும்."