ஒத்திகை என்றாள் அக்கா

என் அக்காவுக்கு நல்ல குரல். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எங்கள் ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் வரவேற்பறையில் உட்கார்ந்து அவள் ஒலிபெருக்கியில் பேசினால், பேக்கிங் கூடத்திலிருந்து பின்பக்கக் குளிர்கிடங்கு வரை எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அதே வாய் வீட்டில் என்னைக் கழுதை என்று கூப்பிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்த்தது கம்ப்ரசர் அறையில். கிடங்கைக் குளிரவைக்கும் அம்மோனியா வாயுவைக் குழாய்களுக்குள் தள்ளும் எந்திரங்கள் அங்கேதான் இருந்தன. என்னோடு இன்னொருவர் இருந்தார், எனக்கு மூத்தவர். எந்த வால்வை மூடினாலும் பாதி வழி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார். அதனால் பூட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. எனக்கு அவர் பூட்டண்ணன், அவருக்கு நான் தங்கச்சி.

எந்திர இரைச்சலில் காதருகே கத்தினாலும் பேச்சு எடுபடாது. கதவுக்கு மேலிருந்த ராட்சத ஒலிபெருக்கி மட்டும்தான் அதை மீறிக் கேட்கும். அப்புறம் இரும்பில் இரும்பு படும் சத்தம். அதனால் எங்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். ஸ்பேனரால் குழாயில் ஒரு தட்டு தட்டினால் 'இங்கே பார்'. இரண்டு தட்டினால் 'மூடு'. மூன்று தட்டினால் 'நீ செய்தது சரி'. வேலைக்கு இதுவே போதும். நியாயமாகப் பார்த்தால் பல குடும்பங்களுக்கும் இதுவே போதும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. அபாய அறிவிப்பில் 'ஒத்திகை' என்ற சொல் வந்தால் எல்லோரும் முற்றத்துக்குப் போய் நிற்க வேண்டும், நாங்கள் இருவரைத் தவிர. ஒத்திகைக்காக எந்திரத்தை நிறுத்தினால் சரக்கு உருகிவிடும் என்பதால் எங்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் வராவிட்டால், உடனே எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். எங்கள் இருவர் உயிரும் அந்த ஒரே சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வது அக்காவாயிற்றே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அன்று காலை அபாயச் சங்கு ஒலித்தது. பின்னாலேயே அக்காவின் குரல்.

"இது ஒத்திகை. எல்லாரும் பதற்றப்படாம முற்றத்துக்கு வாங்க. இது ஒத்திகைதான்."

பூட்டண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. எந்திரம் ஓடியது. கிடங்குக்குப் பின்னால் விரிசல் விட்டிருந்த குழாய்க்குள் நாங்களே மேலும் மேலும் வாயுவைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கண்ணை எரிக்கும் நெடி வந்தபோது அண்ணன்தான் முதலில் முகம் சுளித்தார். அதற்குள் எங்கள் அறைச் சுவரோரக் குழாய் வெடித்துவிட்டது. அவர் என்னைக் கதவுக்கு வெளியே பிடித்துத் தள்ளிவிட்டு, பெரிய வால்வை மூட உள்ளே போனார். மூடினார். இரண்டாவது தடவை தொட்டும் பார்த்திருப்பார், அவர் அப்படித்தான்.

எனக்குத் தொண்டை வெந்துபோனது. அவருக்கு இரண்டு கண்ணும்.

அன்று மாலை அக்கா ஆஸ்பத்திரியில் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவர்தான்டி அப்படிச் சொல்லச் சொன்னாரு. சரக்கு வாங்குற பெரிய கம்பெனிக்காரங்க வந்து உட்கார்ந்திருந்தாங்க. அவங்க பயந்துடக் கூடாதாம். சின்னக் கசிவுதான், ஒத்திகைன்னு சொல்லி வெளிய கொண்டுவந்துடுன்னாரு. நீ உள்ளதான் இருப்பேன்னு அந்த நிமிஷம் எனக்குத் தோணவே இல்லடி."

அவர் என்றால் எங்கள் மேலாளர். எந்தக் கூட்டத்திலும் "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பிப்பதால் அவருக்குக் குடும்பம் சார் என்று பெயர். அறிவிப்பு முடிந்த கையோடு குடும்பம் சார் வாடிக்கையாளர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வெந்த தொண்டையில் பேச்சு வரவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். நிஜமாகவே எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. "கேக்குறவங்ககிட்ட நடந்ததைச் சொல்லிடுறேன்" என்றாள். நம்பினேன். கூடப் பிறந்தவளை நம்பாமல் யாரை நம்புவது?

நான் வீடு திரும்பிய மறுநாள் கேன்டீன் ஹாலில் கூட்டம் போட்டார்கள். கழுத்தில் கட்டோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குடும்பம் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். "இந்தச் சோதனையில நாம ஒருத்தருக்கொருத்தர் வெளிப்படையா இருக்கணும்" என்றார். பிறகு மைக்கை அக்காவிடம் கொடுத்தார். அவள் கழுத்தில் புதிய அட்டை ஒன்று தொங்கியது. தகவல் தொடர்பு அதிகாரி. வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அக்கா படித்தாள். "எச்சரிக்கை உரிய முறையில் அறிவிக்கப்பட்டது. கம்ப்ரசர் அறை ஊழியர்கள், எந்திர இரைச்சல் காரணமாக, அறிவிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு வெளியேறத் தவறியதாகத் தெரிகிறது."

ஒரு எழுத்து தடுக்கவில்லை. நாக்கு கூசாமல் படித்தாள்.

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் 'ஒத்திகை' என்ற சொல்லைக் கேட்டவர்கள்தான். அதைக் கேட்டுத்தான் முற்றத்தில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் பிரிவு மேஸ்திரி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கையைப் பிடித்து நிறுத்தினேன். "எங்க பக்கம் ஸ்பீக்கர் சரியா கேக்காது தங்கச்சி" என்று நழுவினார். ஒரே நாளில் ஒரு தொழிற்சாலைக்கே காது போய்விட்டது.

வீட்டில் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே, "எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். நான் படிக்கலேன்னா வேற ஒருத்தி படிச்சிருப்பா" என்றாள். அந்த வேறு ஒருத்தி என் அக்கா இல்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத் தொண்டை வேண்டுமே.

அதற்கடுத்த நாள் பூட்டண்ணன் மனைவி வந்தார். எங்கள் யார்மேலும் அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் என்னை மேலும் வதைத்தது.

"கம்பெனிலேர்ந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்து, இவர்கிட்ட நீங்க தப்பா கேட்டுட்டீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுலேர்ந்து சோறு இறங்கல இவருக்கு. 'நான் தப்பா கேட்டு அந்தப் பொண்ணையும் உள்ள நிறுத்திவெச்சுட்டேனா'ன்னு ஒரே புலம்பல். கண்ணு போனதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லம்மா. இதேதான்."

"ஒத்திகைன்னுதான் சொன்னாங்க அண்ணி" என்றேன். தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. அதுதான் இனி என் குரல்.

"எனக்குத் தெரியும்மா. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேங்கறாரு. சொன்ன வாயாலேயே கேக்கணுமாம்." அவர் அக்காவைப் பார்த்தார். "ஒரு தடவை வந்து சொல்லிடேன்மா. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா போதும்."

அக்கா கண்கலங்கினாள். "வரேன் அண்ணி. அவர்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றாள். நான் பார்க்கத்தான் சொன்னாள். அன்றைய இரவுச் சாப்பாட்டை நானே அவளுக்குப் பரிமாறினேன்.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூட்டண்ணன் கண்களில் வெள்ளைக் கட்டோடு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். விரல்கள் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தன. அக்கா "எப்படி இருக்கீங்கண்ணே?" என்றதும் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

"வந்துட்டியாம்மா. உன் குரல் எங்க கேட்டாலும் தெரியும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. அன்னிக்கு ஒத்திகைன்னு சொன்னியா, இல்லையா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே குடும்பம் சார் இல்லை. யாருமே இல்லை. அவளை மிரட்ட அந்த அறையில் ஒரு ஈ, காக்கை இல்லை.

"இல்லண்ணே" என்றாள். ஒலிபெருக்கியில் பேசுகிற அதே குரல், தெளிவாக. "எந்திரச் சத்தத்துல உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பூட்டண்ணன் மெல்லத் தலையாட்டினார். "அப்போ நான்தான்" என்றார். "நான்தான் அந்தப் பொண்ணை..."

"பொய்ண்ணே! ஒத்திகைன்னுதான் சொன்னா!" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "யாரு அது?"

"உங்க தங்கச்சிதாங்க. கூட வேலை பாத்த பொண்ணு" என்றார் அண்ணி.

"சும்மா இரு. அந்தப் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? என்னைத் தேத்துறதுக்கு யாரையோ கூட்டிட்டு வந்திருக்க." கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொய் சொன்னவளின் குரலை நம்புகிறார். உண்மை சொன்ன என்னை யார் என்கிறார். அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தேன். கட்டில் சட்டத்தில், அவர் விரலுக்குப் பக்கத்தில், ஒரு தட்டு தட்டினேன்.

அவர் விரல்கள் அசையாமல் நின்றன. முகம் திரும்பியது.

மூன்று தட்டினேன். நிறுத்தி, மறுபடியும் மூன்று.

"தங்கச்சி" என்றார். கை நீட்டி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். "நீதானா? நல்லா இருக்கியா? அப்போ நான் கேட்டது சரிதானா?"

மூன்று தட்டு. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு சாவியையும் எங்கள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

என் மணிக்கட்டை விடாமலே அவர் கேட்டார். "அப்போ உன் அக்கா ஏம்மா இல்லைன்னு சொன்னா?"

சாவியைப் பிடித்தபடி நின்றேன். அதற்கு எங்களிடம் தட்டு இல்லை.