ஜீப்புக்கு ஊற்றுகிற ஆயில்

பொற்கொடி ஸ்கூட்டர் வாங்கியது ஊர் சுற்றுவதற்கு அல்ல, மகளோடு உட்கார்ந்து ஒரு வாய் சூடாகச் சாப்பிடுவதற்கு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரியம் அதுதான்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், காட்டு வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற ஆயா வேலை அவளுக்கு. புருஷன் திருப்பதி அதே எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். வீடு கீழே போடியில். சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் போய் ஆட்களை அள்ளிக்கொண்டு, திரும்பவும் போடி வழியாக மலையேற வேண்டும் என்பதால் ஜீப் இருட்டிலேயே கிளம்பிவிடும். அதில் போன காலத்தில் பொற்கொடி கோழிக்கு முன்னால் எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு ஓடுவாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் மகாராணி தானாக எழுந்து, ஆறிப்போனதைத் தின்றும் தின்னாமலும், தலையை எப்படியோ அள்ளி முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். பேர்தான் மகாராணி. காலையில் அவளுக்கு ஒரு டம்ளர் காபி கலந்து கொடுக்க ஆள் கிடையாது.

ஐப்பசியில் சீட்டு எடுத்து ஸ்கூட்டர் வாங்கினாள். வீட்டில் காலைப்பொழுது என்று ஒன்று இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மகளை எழுப்பி, இரட்டைச் சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் யாரோடு யாருக்குச் சண்டை என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினாலும், எட்டு மணிக்குள் எஸ்டேட்டில் போய் நிற்க முடிந்தது. முந்தல் தாண்டி மலை தொடங்கியதும் வண்டி முனகாமல் ஏறும். வளைவுக்கு வளைவு கீழே போடி சின்னதாகிக்கொண்டே போகும். இத்தனை வருஷம் ஜீப்பில் தூங்கி வழிந்துகொண்டே போன பாதையை அவள் அப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குக் கை அரித்தது. ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றுகிறேன் என்று ஸ்பேனரோடு உட்கார்ந்தான். பழைய ஆயிலை ஒரு சட்டியில் வடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“இங்க பாரு, தண்ணியாட்டம் இருக்கு. டவுனுக்குள்ள ஓடுற வண்டிக்கு இது சரி. மலைக்குத் தாங்குமா? நம்ம ஜீப்பு ஆயில ஊத்துறேன். பன்னெண்டு ஆளையும் மூட்டையையும் இழுக்குற ஆயிலு, உன் ஒருத்திய இழுக்காதா?”

பொற்கொடிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருபது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவன். அவன் ஜீப் வழியில் நின்றதாக யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் மற்ற டிரைவர்கள் அவனிடம்தான் யோசனை கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்து அவன் சொல்லிவிடுவான்.

திங்கட்கிழமையிலிருந்து பிடித்தது சனியன். காலையில் பட்டனை அமுக்கினால் வண்டி இருமியது. முந்தல் வரை எப்படியோ போய்விட்டு, ஏற்றம் வந்ததும் நோயாளி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் அதே நடைதான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்து அடித்து, கடைசியில் பாவம் பார்த்து விட்டுவிட்டான். எஸ்டேட் போய்ச் சேரும்போது மணி எட்டரை. குழந்தைகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போக முடியாமல் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

மூன்றாவது தடவை அப்படி நடந்தபோது, சூப்பர்வைசர் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றார். மலையாளமும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார்.

“சேச்சி, குட்டிகளை நோக்குறது என்டெ ஜோலியா? இந்த வாரம் கூடப் பார்ப்பேன். வண்டி சரியாகல்லெங்கில் பழையபடி ஜீப்பிலே வரணும். இல்லெங்கில் வேற ஆளை வைக்கும்.”

வீட்டில் சொன்னால் திருப்பதி ஆறுதலாகப் பேசினான். அந்த ஆறுதல்தான் அவளை அதிகமாக எரித்தது.

“நல்ல ஆயிலு ஊத்தியும் ஏறலேன்னா வண்டியோட சத்து அவ்வளவுதான். இது மலைக்குத் தோதுப்படாது பொற்கொடி. புதுசா இருக்கையிலயே குடுத்துட்டா நல்ல வெலைக்குப் போகும். பேசாம முந்தி மாதிரி ஜீப்புல வா.”

மகாராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இந்த வாரம் முடிவதற்குள் வண்டி ஏறவில்லையென்றால் இந்தக் காலைச் சாப்பாடு போச்சு என்று இரண்டு பேருக்கும் தெரியும். பொற்கொடிக்கு இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் எஸ்டேட்டில் நல்ல குளிர். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டித் தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கப் போனால், எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அங்கே தினமும் நடக்கிற கூத்துதான். போடியில் தண்ணீராட்டம் ஊற்றுகிற எண்ணெயை இங்கே ஈர்க்குச்சியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டில் இருந்தது. அதே அலமாரி, அதே குளிர், அது மட்டும் சாய்த்ததும் வழிந்தது.

ஈர்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பொற்கொடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்ததும்தான் நினைவு வந்தது.

அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குளிரில் ஆறிக் கிடந்த ஸ்கூட்டரின் ஆயில் மூடியைத் திருகி, அதோடு வந்த கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். ஆயில் சொட்டவில்லை. வெல்லப்பாகு மாதிரி கம்பியின் நுனியில் தொங்கிக்கொண்டு, விழவா வேண்டாமா என்று யோசித்தது. அன்றைக்குச் சட்டியில் அவள் பார்த்த ஆயில் தண்ணீராக ஓடியது. வண்டியில் சத்து இல்லாமல் இல்லை, உள்ளே இருப்பது இந்தக் குளிரில் அசைய மாட்டேன் என்கிறது. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் இறங்கியதும் நேராகத் தேவாரம் ரோட்டில் இருக்கிற பிரபுவின் பட்டறைக்குப் போனாள். பிரபு சட்டியை வைத்துப் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆயில் விழுவதற்காகக் காத்திருந்தான். காத்துக்கொண்டே இருந்தான்.

“யாருக்கா இத ஊத்துனது? டிராக்டருக்கு ஊத்துறதாட்டம் இருக்கு?”

“தெரிஞ்சவங்கதான்” என்றாள்.

பிரபு உள்ளே போய்ப் பளபளவென்று ஒரு டப்பாவோடு வந்தான். அதன் மேல் ஒருவன் பைக்கில் தரையோடு தரையாகச் சாய்ந்துகொண்டு பறந்தான். “இருக்கறதுலயே வெலை கூடுனது. இத ஊத்துங்க, வண்டி பறக்கும்.”

“எனக்குப் பறக்க வேண்டாம்ப்பா. எட்டு மணிக்குப் போய்ச் சேந்தாப் போதும். கம்பெனிக்காரன் என்ன ஊத்தி அனுப்புனானோ அதையே கொண்டா.”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் கொண்டுவந்தான். டப்பாவில் 10W-30 என்று போட்டிருந்தது. வீட்டில் கிடக்கிற ஜீப் டப்பாவில் 20W-50 என்று இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. “மொத நம்பரு குளிருக்குக்கா. சின்னதா இருந்தா குளிர்லயும் சட்டுன்னு ஓடும்” என்றான் பிரபு. தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு நம்பர் போட்டு விற்றால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடிய விடிய வாதம் நடக்கும், முதலில் ஏறட்டும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் வண்டி ஏறியது. ஏறியது என்று சும்மா சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு அந்த வளைவுகளில் வாய்விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய் நின்றாள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைகூப்பினார்.

வந்தது வினை. திருப்பதி அதைக் கேள்விப்பட்டதும் தொடையைத் தட்டினான்.

“நான் சொல்லல? கெட்டி ஆயிலு செட் ஆவுறதுக்குக் கொஞ்ச நாளாவும். இப்பச் செட் ஆயிருச்சு!”

அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அவன் போடிமெட்டு டீக்கடையில் பிரசங்கமே ஆரம்பித்துவிட்டான். மலைக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஜீப் ஆயில்தான் ஊற்ற வேண்டுமாம். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற அனுப்பிரியா, பொற்கொடியைப் பார்த்துத் தானும் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். “பாப்பா, நீ எதுக்குச் செலவழிக்கிற, நானே மாத்தித் தர்றேன்” என்று திருப்பதி வாக்குக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் பொற்கொடி இறங்கி வரும்போது டீக்கடை முன்னால் கூட்டம். அனுப்பிரியாவின் ஸ்கூட்டருக்கு அடியில் சட்டி. பக்கத்தில் ஜீப் ஆயில் டப்பா. திருப்பதி ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் நம்பிக்கையோடு பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் எட்டு மணிக்கு ஆபீஸ்.

“என்னங்க, அதக் கழட்டாதீங்க.”

“ஏன்?”

பொற்கொடி வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே போனாள். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். டிரைவர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது மெதுவாக எங்கே சொல்வது?

“என் வண்டியில இப்ப ஓடுறது உங்க ஆயிலு இல்லங்க. அத எடுத்துட்டு, கம்பெனிக்காரன் ஊத்துனத ஊத்திட்டேன். அதுக்கப்புறந்தான் ஏறுச்சு. இது ஜீப்புக்கு நல்ல ஆயிலு. ஸ்கூட்டருக்கு இந்தக் குளிர்ல இது தேங்காண்ணெ மாதிரி.”

திருப்பதி ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவன் காது சிவந்துவிட்டது. முதல் நாளே வீட்டில் சொல்லியிருக்கலாம் என்று பொற்கொடி தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

திருப்பதியின் ஜீப்பில் காட்டு வேலைக்கு வருகிற முத்துப்பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான்.

“ஏத்தா, ஆயிலு ஒண்ணுலதான் உன் வீட்டுக்காரன் தப்பா சொல்றான்னு நெனச்சியா? அந்த முன் சீட்டக் கேளு. நீ ஸ்கூட்டரு வாங்குன நாள்லருந்து அதுல ஒரு ஆள ஏத்துறதில்ல. பின்னாடி நெருக்கிக்கிட்டுச் சாவுறோம். கேட்டா ஸ்பிரிங்கு ஒடஞ்சிருச்சும்பான்.”

“ஏய், சும்மா கெட மாப்ளே” என்றான் திருப்பதி. அந்தக் குரலில் சத்து இல்லை.

பொற்கொடி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்த இடம். போனாள். ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்சம் அசைந்தும் பார்த்தாள். ஒரு ஸ்பிரிங்கும் உடையவில்லை, நன்றாக மெத்தென்று இருந்தது. வண்டியை விற்றுவிடு, ஜீப்பில் வா என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதை நினைத்துக்கொண்டாள். அவன் மேல் இருந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

திருப்பதி கையைத் துணியில் துடைத்தபடி ஜீப் பக்கம் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தான்.

“அந்த ஆயிலு நம்பரு என்ன?”

“பத்து முப்பது.”

அவன் திரும்பி அனுப்பிரியாவிடம் சத்தமாகச் சொன்னான். “பாப்பா, பத்து முப்பது வாங்கிட்டு வா. மலைக்கு அதான் நல்லது.” டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் அவனும் பாதி சிரித்துவிட்டான்.

பொற்கொடி சீட்டை விட்டு இறங்கவில்லை.

“நான் ஸ்கூட்டர விக்க மாட்டேன். காலையில எம் மகளோட சாப்பிடணும்.”

“யாரு இப்ப விக்கச் சொன்னா?”

“சனிக்கெழம அவளுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. நல்லாத் தூங்குவா. அன்னிக்கு ஒரு நா நான் இதுல வர்றேன்.”

திருப்பதி டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, இருபது வருஷ டிரைவரின் பழைய தோரணையோடு சொன்னான்.

“அப்ப வெள்ளிக்கெழமையே அந்த ஸ்பிரிங்கச் சரி பண்ணிர்றேன்.”