அம்மா வந்து கூட்டிப்போகும் வரை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. இன்றைக்கு ஒரு கல்லூரிக் கதை சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். என் கையைப் பிடித்தாலும் சரிதான். சொல்லும்போது எனக்கும் பயம் வரும்.

எங்கள் ஊரை ஒட்டி ஒரு கல்லூரி இருந்தது. அங்கே தப்புச் செய்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே வராண்டாவில் நிற்கவைப்பார்கள். அம்மாவோ அப்பாவோ வந்து பேசிக் கூட்டிப்போக வேண்டும். யாரும் வராவிட்டால் பிள்ளை தூணாகிவிடும். பாதத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே போகும். சுண்ணாம்பு அடித்த வெள்ளை. உச்சந்தலை வெளுத்துவிட்டால் அவ்வளவுதான்.

இதில் ஒளிவுமறைவு கிடையாது. சேர்க்கிற அன்றைக்கே பெற்றவர்களிடம் சொல்லிவிடுவார்கள். "நல்ல கண்டிப்பான காலேஜுங்க" என்று பெற்றவர்களும் சந்தோஷமாகச் சேர்ப்பார்கள்.

ஒரு தூண் கூடினால் வராண்டா அந்த அளவுக்கு நீளும். நான் வந்த புதிதில் கடைசி அறை கேட்டிலிருந்தே தெரியும். பிறகு தெரியாமல் போய்விட்டது.

நான் கேட்டுக்கு எதிரே கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குச் சொல்லப் பயப்படுகிற விடுதிப் பிள்ளைகள் என்னை அம்மாவாக வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். போவேன். பெரிய வேலையில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்கவேண்டும். ஒழுங்கு நடவடிக்கைகளைக் கவனிக்கிற வெள்ளியங்கிரி சார் பேசுவார். டிசிப்ளின் சார் என்பார்கள். அம்மாக்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை. பேசி முடித்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்க" என்பார். கூட்டிக்கொண்டு வருவேன். வெளியே வந்ததும் பிள்ளை காலை உதறும். வெள்ளை உதிர்ந்துவிடும். கூழைக் குடித்துவிட்டுப் போகும்.

அப்படி எனக்கு அங்கே நிறையப் பிள்ளைகள். வயிற்றில் பிறந்தது ஒன்றுமில்லை.

ஒரு நாள் மத்தியானம் வாட்ச்மேன் ராக்கியப்பன் கேட்டைத் தாண்டி என்னிடம் ஓடிவந்தார்.

"அக்கா, நவநீதாவை நிக்க வெச்சுட்டாங்க. உங்களக் கூப்புடுது."

"என்ன பண்ணுச்சு?"

"சிரிச்சிருச்சுங்க."

"எங்க வெச்சு?"

"மாடிப்படில. பக்கத்துல ஒரு பையன் இருந்தானாமா."

"அவனும் சிரிச்சானா?"

"அவன் சிரிக்கலீங்க. அந்தச் சிரிப்பக் கேட்டான். அவனுக்கு அந்தக் கோடில தனியா விசாரணை."

நான் கூழ்ப்பானையை மூடினேன். ராக்கியப்பன் என்னுடனே நடந்தார்.

"இன்னிக்கு சாக்கிரதைங்க்கா. ஒரு பையன் ஆட்டோக்காரரை அப்பான்னு கூட்டிட்டு வந்து மாட்டிக்கிட்டான். போலின்னு தெரிஞ்ச அந்த நிமிசமே முழுசா வெளுத்துட்டான். கண்ணை மூடக்கூட நேரமில்லீங்க. அதுக்கப்புறம் புது முறை. தலை குனிஞ்சு நின்னாப் பத்தாது. யாருன்னு வாயத் தொறந்து சொல்லோணும்."

"சொன்னாப் போச்சு."

"அங்கதான் சிக்கலே இருக்குது. அந்த விசாரணை ரூமுக்குள்ள என்ன சொன்னாலும் அப்புடியே ஆயிரும். ஒருத்தரு பையனுக்குக் காச்சல்னு சும்மா சொன்னாரு. பையன் காச்சலோடதான் வெளிய வந்தான்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். "வீட்டுக்கும் போன் போட்டாங்க. யாரும் எடுக்கலியாமா" என்றும் சொன்னார். பிறகு கேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நான் வராண்டாவில் தனியாக நடந்தேன். இரண்டு பக்கமும் தூண்கள். ஒரு தூணுக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது. யாரோ அதை அன்றாடம் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு தூண் சற்று முன்பக்கம் சாய்ந்திருந்தது, எதையோ சொல்ல வந்து நின்றதுபோல. நான் கடந்து போகும்போது சத்தமில்லை. கடந்த பிறகு முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கடைசி அறைக்கு வெளியே நவநீதா நின்றுகொண்டிருந்தாள். பல் கொஞ்சம் எடுப்பான பெண். முழங்கால் வரை வெளுத்திருந்தது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க்கா. குளுகுளுன்னு இருக்குது."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா காலேஜ நிறுத்திருவாங்க்கா. நீங்களே பேசிக் கூட்டிட்டுப் போயிருங்க."

உள்ளே டிசிப்ளின் சார் இருந்தார். விசாரணைக் குழுவில் இன்னும் இரண்டு பேர். அவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாரபட்சம் வராமலிருக்க அதுதான் நல்லது என்று சார் விளக்கினார். மேசைமேல் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்களா?" அவ்வளவு மரியாதை. "இதுதான் சாட்சி. கேட்டுருங்க."

மூடியைத் திறந்தார். உள்ளிருந்து நவநீதாவின் சிரிப்பு வந்தது. முதலில் சின்னதாகக் கிளம்பி, மூச்சு முட்டி, மூக்கால் ஒரு குறட்டை விட்டு, அந்தக் குறட்டைக்கே மறுபடி சிரிக்கிற சிரிப்பு. வேறு இடமென்றால் நானும் சிரித்திருப்பேன். சார் மூடிவிட்டார்.

"ஒரு பொண்ணு சிரிக்கற சிரிப்புங்களாம்மா இது?"

நான் வாயைத் திறக்கவில்லை. இல்லையென்றால் இல்லையாகிவிடும். ஆமாமென்றால் என்ன ஆகுமோ.

"நீங்க யாருங்க?"

கதவு வழியாக நவநீதா தெரிந்தாள். இடுப்பு வரை வெளுத்திருந்தது.

"அவளோட அம்மாங்க."

"பேரைச் சேத்து முழுசாச் சொல்லுங்க."

"நவநீதாவோட அம்மா நான்தானுங்க."

அடிவயிற்றில் ஒரு வலி வந்தது. அதற்குமுன் நான் அறியாத வலி. உயிரைப் பிழிந்துவிட்டுப் போய்விட்டது. வெளியே நவநீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, சீக்கிரம் வாம்மா" என்றாள்.

அவள் நடிக்கவில்லை, கண்ணுகளா. அது எனக்குத் தெரிந்தது.

"சிரிப்புங்கறது வம்சமா வர்றதுங்கம்மா" என்றார் சார். "இது அம்மா வழியா, அப்பா வழியான்னு பாக்கோணும். சித்த சிரிங்க."

"இப்பவுங்களா?"

"இப்பவேதான்."

சிரித்துப் பார்த்தேன். இருமல் மாதிரி வந்தது. சுவரைப் பார்த்திருந்த இருவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"பொருந்தலியே" என்றார் சார். மூடியைத் திறந்து இன்னொரு தடவை கேட்டார். "பொருந்தவே இல்லியே." வெளியே நவநீதாவின் நெஞ்சுக்கு வெள்ளை ஏறியது.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் ஒயர் கூடை. வெயிலில் ஓடிவந்த மூச்சு. பல் கொஞ்சம் எடுப்பு. பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அவள் பெயர் துளசிமணி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். போன் எடுப்பதற்குள் கட்டாகிவிட, பயந்துபோய் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். கேட்டிலிருந்து ராக்கியப்பன்தான் கூட்டி வந்தார். வராண்டா நீளம். புது முறை, போலி அப்பா, காய்ச்சல், கூழ்க்கடைக்காரி எல்லாவற்றையும் அவர் வழியிலேயே சொல்லி முடித்திருந்தார்.

அவள் மகளின் கன்னத்தைத் தொடப் போனாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க்கா" என்றாள் நவநீதா, மரியாதையாக. "எங்கம்மா உள்ள இருக்காங்க. நீங்க மறைச்சா அவங்களுக்கு என்னையத் தெரியாமப் போயிரும்."

துளசிமணியின் கை அந்தரத்திலேயே நின்றது.

"நீங்க யாருங்கம்மா?" என்றார் சார். அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு அம்மான்னா ஒருத்தரு போலிங்க. போலின்னு ஆயிட்டா நான் புள்ளைய ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. தானா ஆயிரும்."

துளசிமணி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. இனியும் யாரும் பார்க்கவேண்டாம்.

"நான் யாருமில்லீங்க" என்றாள். கூடையைக் கீழே வைத்தாள். "இந்தம்மாவுக்குத் துணைக்கு வந்தேன்."

சொன்ன மாத்திரத்தில் அவள் முகத்திலிருந்து மகளின் சாயல் போய்விட்டது. பல் வரிசையாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மேல்வரிசைப் பற்கள் உதட்டைத் தள்ளுவதை நான் உணர்ந்தேன்.

"வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒருக்காச் சிரிங்க" என்றார் சார். மூடியைத் திறந்தார். அந்தச் சிரிப்பு அறை முழுக்கச் சுற்றி வந்தது. குறட்டை வந்த இடத்தில் துளசிமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளும் அப்படித்தான் சிரிப்பாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"எனக்குச் சிரிக்க வராதுங்க."

"எப்பவுமா?"

"எப்பவுமே வராதுங்க."

சார் திருப்தியோடு தலையாட்டினார். "அப்ப அப்பா வழிதான். புள்ளையோட அப்பா எங்கீங்க?"

என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. யார் கேட்டாலும், எந்தப் பிள்ளைக்கும், அப்பா இல்லீங்க, தவறிட்டாருங்க என்றுதான் சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். 'தவ' என்பதுவரை நாக்கு போய்விட்டது. துளசிமணி என் கையைப் பிடித்து நசுக்கினாள். வளையல் ஒன்று உடைந்தது.

"வெளியூருங்க" என்றேன்.

"எந்த ஊரு?"

எங்கேயோ லாரியில் பார்த்த பெயர் வாயில் வந்தது. "ராய்ச்சூருங்க."

"சரி. கூட்டிட்டுப் போங்க." சார் டிபன் பாக்ஸைப் பூட்டி அலமாரியில் வைத்தார். "சிரிப்பு எங்ககிட்டயே இருக்கட்டும். படிப்பு முடிஞ்சதும் சர்டிபிகேட்டோட வாங்கிக்கலாம்."

வெளியே வந்ததும் நவநீதா உதறினாள். நெஞ்சிலிருந்து வெள்ளை பொலபொலவென்று கொட்டியது. என் கையைக் கோத்துக்கொண்டாள். "பசிக்குதும்மா" என்றாள். துளசிமணி எங்கள் பின்னால் வந்தாள். துணைக்கு வந்தவர்கள் பின்னால்தானே வருவார்கள்.

பஸ் ஸ்டாப்பில் துளசிமணியின் போன் அடித்தது. சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏம்புள்ள, தோட்டத்துல தண்ணி கட்டிட்டு இருந்தேன். நான் எப்புடி ராய்ச்சூரு வந்தேன்?" என்றார் ஒரு ஆண்.

"போச்சாதுங்க, பரவால்ல. மெல்ல வாங்க" என்றாள் அவள். "கையில மம்பட்டி இருந்தா அங்கயே விட்டுறாதீங்க." போனை வைத்தாள்.

நவநீதா கொஞ்சம் தள்ளி நின்று கால் விரலிடுக்கிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் துளசிமணியின் தோளைப் பிடித்தேன்.

"வாங்க, திரும்பிப் போயி உள்ளதச் சொல்லிரலாம்."

"சொன்னா?"

போலியென்று ஆகிவிட்டால் பிள்ளை அப்போதே வெளுத்துவிடும். அது இருவருக்கும் தெரியும்.

"வேண்டாங்க்கா" என்றாள். "கால உதறறா பாருங்க. அது போதும்."

பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "ராத்திரி அவளுக்குத் தாகமெடுக்கும். எந்திரிக்க மாட்டா, படுத்தவாக்குல கையால துழாவுவா. சொம்பக் கிட்டத்துல வெய்யுங்க. கத்திரிக்காய் தின்னா நாக்கு அரிக்கும், கேக்காமத் திம்பா. காச்சல் வந்தா வாய்விட்டுச் சொல்லமாட்டா, கால் பெருவிரலத் தொட்டுப் பாருங்க, அங்கதான் மொதல்ல சுடும். அப்புறம்..." பஸ் வந்து நின்றது. "அப்புறம், சிரிச்சான்னா வைய வேண்டாங்க்கா."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நவநீதா என் பக்கத்தில் வந்து நின்றாள். "யாரும்மா அவங்க? பாவம், என்னையவே பாக்கறாங்க."

அது அந்த அறையில்லை. இங்கே எதைச் சொன்னாலும் அது அப்படி ஆகிவிடாது. அதனால் தைரியமாக உண்மையைச் சொன்னேன்.

"உங்கம்மா, கண்ணு."

நான் கேலி செய்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். கண் சுருங்கியது. மூக்கு விடைத்தது. தோள் இரண்டும் குலுங்கு குலுங்கென்று குலுங்கின. சத்தம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டே இருந்தாள்.

பஸ் கிளம்பியது. ஜன்னலில் துளசிமணியின் தோளும் குலுங்குவது தெரிந்தது. அங்கேயும் சத்தமில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுச் சிரிப்பு தெருமுனைவரை கேட்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு உள்ளிருந்து பிள்ளை ஓடி வரட்டும். வெளியூர் போனவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்கிற அம்மாவை, யாரென்று ஒரு பிள்ளையும் ஒருநாளும் கேட்காதிருக்கட்டும்.