பார்த்தவர் பெயர்

கழிவுநீர் நிலையத்துப் பம்ப் ஆபரேட்டருக்கு மூக்கு மரத்துப்போய் இருபது வருஷமாகிறது. கண் மட்டும் படு கூர்மை. மணிக்கொரு தரம் தொட்டிகளைச் சுற்றிவந்து அளவு குறிப்பவள், வசந்தகாலத்தில் வடக்கே திரும்பும் வழியில் அங்கே இறங்கும் பறவைகளையும் அதே லாக் புக்கின் ஓரத்தில் குறித்துவைப்பாள். வாரக் கடைசியில் அதைப் பெயர்த்தெழுதி ஊர்ப் பறவைக் கழகத்துக்கு அனுப்புவாள்.

அந்தத் திங்கட்கிழமை, பத்து மணிச் சுற்றில், மூன்றாம் தொட்டியின் சேற்றில் நெட்டைக் காலோடு ஒன்று நின்றது. செங்கல் நிறக் கழுத்து. நீண்டு நேரான அலகு. கிளம்பிப் பறந்தபோது இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரிந்தது, வால் நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பு. கருவால் மூக்கான்! பதினேழு வருஷமாக ஊர்ப் பட்டியலில் இல்லாத பறவை. வாரக் கடைசிவரை பொறுக்க முடியாமல் கழகச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"பச்சைக்காலியா இருக்கும்மா," என்றார் அவர். "தொலைநோக்கி இருக்கா, கேமரா இருக்கா?"

"ரெண்டு கண்ணு இருக்கு சார்."

"அதை வச்செல்லாம் பட்டியல்ல சேக்க முடியாது."

பச்சைக்காலியை அவள் அறியாதவளா? தினமும் ஆறேழு அவள் கண்ணெதிரில்தான் மேய்கின்றன. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"விட்டுத்தள்ளு. அந்தப் பறவையே கண்டுக்கல, உனக்கென்ன?"

"பறவையை யாரும் பொய்க்காரின்னு சொல்லலியே!"

செவ்வாய், புதன், வியாழன், விடாமல் போன் போட்டாள். "இன்னிக்கும் இருக்கு சார்." தொல்லை தாங்காமல் வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார், மூக்கில் கைக்குட்டை, தோளில் பீரங்கி மாதிரி கேமரா. மூக்கானைப் பார்த்ததும் கைக்குட்டை நழுவிச் சேற்றில் விழுந்தது. ஐம்பது படம் எடுத்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை தொட்டி வெறிச்சோடிக் கிடந்தது. பறவை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து, நூலகத்தில் நடக்கும் கழகக் கூட்டத்துக்கு ரப்பர் பூட்ஸோடே போனாள். அறிவிப்புப் பலகையில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது: "கருவால் மூக்கான், ஒன்று. வெள்ளிக்கிழமை. பார்த்தவர்: செயலாளர்."

அவளுக்குக் காது சுட்டது. கூட்டத்தின் நடுவே எழுந்தாள்.

"அந்த வரி தப்பு சார்."

"அதே பறவைதானேம்மா. யார் பாத்தா என்ன?"

"யார் பாத்தா என்னன்னா, என் பேரையே போட்டிருக்கலாமே?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலாளரின் முகம் சிவந்தது.

"சரி, கீழ 'தகவல் உதவி'ன்னு உங்க பேரைப் போட்டுர்றேன்."

"உதவி பண்ணினது நீங்க சார், படம் எடுத்து. பாத்தது நான்." லாக் புக்கைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். பம்ப் அழுத்தத்துக்குப் பக்கத்தில் கழுத்து, அலகு, பட்டை, வால் எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன. "இது வந்தது திங்கக்கிழமை. எந்தப் பறவை என்னிக்கு வருதுன்னு தெரிஞ்சுக்கத்தானே இந்தப் பட்டியல்? முழுசா நாலு நாளை முழுங்கிட்டீங்க."

அவள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்கு நடந்தாள். தரையெல்லாம் பூட்ஸ் தடம். வெள்ளியை அடித்துத் திங்கள் என்று எழுதினாள். 'செயலாளர்' என்பதையும் அடித்துத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கழகத் தலைவியான பல் டாக்டர் எழுந்து வந்து லாக் புக்கை ஒரு தடவை வாசித்தார். பிறகு திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு இரண்டு வாரம் செயலாளர் அவள் போனை எடுக்கவில்லை. அவளும் விடவில்லை, தபாலில் அனுப்பினாள். மூன்றாம் வாரப் பட்டியலில் பதினொரு வரி வந்தது, அதில் ஆறு அவளுடையது. ஆறிலும் அவள் பெயரை ஓர் எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள்.

மறுநாளே பேனாவோடு நூலகத்துக்குக் கிளம்பினாள்.