மாத்திரையும் கடுங்காபியும்

வெளிச்சம் வருமுன் சிமெண்டு மூட்டைகள் எங்கள் முதுகில் ஏறிவிடும். கிடங்கு லிஃப்ட் பழுதாகி ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. மாடிப்படி ஏறி ஏறி நான் ஒரு முழம் குட்டையாகிப்போனேன். மனைவி என் சட்டைகளையெல்லாம் வெட்டித் தைத்தாள். சந்தேகமிருந்தால் அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

வாசலில் காபிக்காரரின் அடுப்பு. அவர் கடுங்காபியில் கரண்டி நிமிர்ந்து நிற்கும். முதலாளி வந்தால் மட்டும் சற்றுக் குனியும். வலி மாத்திரையை அந்தக் காபியோடு விழுங்கினால் நன்றாகக் கேட்கிறது என்று கண்டவரும் அவர்தான். எங்களோடு மூட்டை தூக்கும் தன் தங்கை புருஷனின் தோள்வலிக்குத்தான் முதலில் கொடுத்தார். பிறகு எல்லோரும் கை நீட்டினோம். சேதி முதலாளி காதுக்குப் போனது. காபிச் சத்து சேர்த்தே வருகிற மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்கி அவரிடமே கொடுத்துவிட்டார். லிஃப்டைவிட எங்களைப் பழுதுபார்ப்பது சல்லிசு.

நேற்றுக் காலை, "மச்சான், தோளு ஒரு மாதிரி இருக்கு" என்றான் காபிக்காரரிடம் அந்தத் தங்கை புருஷன்.

"இதப் போட்டுட்டு ஏறுங்க மாப்ளே, பறந்துரும்."

வலி பறந்துதான் போனது. பாதிப் படியில் அவன் தோளுக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்டது. மூட்டையோடு உருண்டு வந்தான்.

"காபி சேர்ந்தா மாத்திரை கொஞ்சம் கூடுதலா கேக்கும், நெசந்தான்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "ஒருநாள் ரெண்டுநாள் வலிக்கு. அத தெனமும் முழுங்கிட்டு மூட்டை தூக்கச் சொன்னது யாரு?"

காபிக்காரர் தரையைப் பார்த்தார். 'இன்னும் ஒரு நடைதான், வாடா' என்று அவனை உசுப்பிய நாங்களும் அதே தரையைப் பார்த்தோம்.

இன்று அடுப்பு எரியவில்லை.

"தங்கச்சி மூஞ்சில முழிக்க முடியல" என்றார் காபிக்காரர். "நாந்தான் அவர் கைய ஒடிச்சேன்."

"ஒத்தையா தூக்காதண்ணே, அதுல எங்க பங்கும் இருக்கு" என்றாள் மூட்டை தூக்கும் பெரியக்கா. "வா, இப்படி உக்காரு."

மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தோம். மாத்திரை இல்லாத முதுகு என்னென்ன பேசும் என்று இன்றுதான் தெரிந்தது. முதலாளி வந்தார்.

"என்ன, மாத்திரை போடலையா?"

"வேணாங்க. வலிக்கட்டும்."

"வலியோட எப்படி ஏறுவீங்க?"

"அதான் ஏறல" என்றாள் பெரியக்கா. "லிஃப்ட் ஓடணும். விழுந்தவன் வைத்தியத்த நீங்க பாக்கணும்."

"எனக்கு வேற ஆளு கெடைக்காதா?"

"கெடைக்குங்க. அவங்களுக்கும் தோளு ரெண்டுதான்."

மதியத்துக்குள் ஒரு லாரி நிறைய வேற்றாட்கள் வந்து இறங்கினார்கள். முதலாளியின் மேஸ்திரி மாத்திரை டப்பாவைக் குலுக்கிக்கொண்டு எதிரே போனார். காபிக்காரர் அவரை முந்திக்கொண்டு, நடந்ததையெல்லாம் அவர்களிடம் சொன்னார். தான் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

டப்பாவுக்கு நீண்ட ஒரு கை பாதியில் நின்றது. கைக்குரியவன் முதலாளியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு படியேறி வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே."

நகர்ந்தோம். அவன் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். கீழ்ப்படிகளும் நிறைந்துவிட்டன; மூட்டைக்குத்தான் ஏற வழியில்லை.